சாய்ந்து நின்ற நாலு

"தெரியுதா அங்கிள்?" என்று மாலினி கேட்டாள்.

அவள் கையில் டார்ச் இருந்தது. பகல்தான். ஆனாலும் அந்த ஷெட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. மகாபலிபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி அவள் அப்பா கட்டிய வீட்டின் பின்புறம் இருக்கிறது அந்த ஷெட். நடுவில் பழைய பந்தயக் கார். அதன் மூக்குத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். நான் ஒரு கோணியை மடித்துப் போட்டு, எஞ்சினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன்.

எஞ்சினின் பக்கவாட்டில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சமதளம் உண்டு. அங்கேதான் எஞ்சின் எண்ணைக் குத்தியிருப்பார்கள். இதில் எண் இல்லை. யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள்.

உலோகவியல்தான் என் படிப்பும் பிழைப்பும். இரும்பில் எண் குத்தும்போது மேல்பரப்பு பள்ளமாவதோடு நிற்பதில்லை. அடியில் இருக்கும் இரும்பும் நசுங்கிவிடுகிறது. பள்ளத்தை ராவி எடுத்துவிடலாம், நசுங்கல் உள்ளே தங்கிவிடும். அந்த இடத்தை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, பஞ்சில் அமிலக் கரைசலைத் தொட்டு விடாமல் ஒற்றிக்கொண்டிருந்தால், நசுங்கிய இரும்பு மற்றதைவிடச் சற்று வேறு நிறத்தில் கறுக்கும். அழிந்த எண் நிழல்போல எழுந்து வரும். ஈரம் இருக்கும்வரைதான் தெரியும். காய்ந்தால் மங்கிப்போகும்.

வந்தது. முதலில் ஒரு வளைவு, பிறகு ஒரு கோடு. அப்புறம் நடுவில் ஒரு நாலு. மற்ற எண்கள் வரிசையாக நிற்க, அந்த நாலு மட்டும் வலதுபக்கமாகச் சாய்ந்து நின்றது.

"அங்கிள், தெரியுதா?"

மாலினி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என் தலை மறைத்ததால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. நான் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அமில வாடை தொண்டையில் கரித்தது. கதவு வழியாகக் கடல்காற்று வந்தது. ஈரம் காய்ந்தது. நாலு போயிற்று.

"இல்லேம்மா. ரொம்ப ஆழமா ராவிட்டாங்க. ஒண்ணும் வரல" என்றேன்.

எழுபதை நெருங்கும் வயதில், இறந்துபோன நண்பனின் மகளிடம் சொன்ன பொய் அது. ஆனால் இந்தக் கதையில் நான் செய்த பெரிய தவறு அது அல்ல.

சித்தப்பாவின் கார்

அந்தக் காரைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் இதே பக்கங்களில் எழுதியிருந்தேன். நான் அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருக்கும் படமும் வந்தது. பலர் கடிதம் எழுதினார்கள். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வரதனும் நானும் கல்பாக்கத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். குடியிருப்பில் எங்கள் இருவர் வீட்டுக்கும் பொதுச்சுவர். அவன் வீட்டில் கடுகு தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம்.

அவனுடைய சித்தப்பா ஒருவர், அறுபதுகளில், புரசைவாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லையில் அந்தக் காரைக் கட்டினார். தண்ணீர்க் குழாய்களைப் பற்றவைத்து எலும்புக்கூடு. மணல் மூட்டையின் மேல் அலுமினியத் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி வளைத்த உடம்பு. ஒருவர் மட்டும் உட்காரலாம். பட்டணத்துக்கு வெளியே, யுத்தகாலத்து விமான ஓடுதளம் ஒன்றில் அப்போதெல்லாம் பந்தயம் நடக்கும். ஒரு பந்தயத்தில் பாதி ஓட்டத்தில் எஞ்சினுக்குள் ராடு உடைந்து, இரும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அதோடு காரைக் கொல்லையில் நிறுத்தி, மேலே தென்னங்கீற்றைப் போட்டு மூடிவிட்டார்.

சித்தப்பா காலமானபின், அதை ஒரு லாரியில் ஏற்றி எங்கள் குடியிருப்புக்குக் கொண்டுவந்தான் வரதன். இறக்கும்போது தெருவே கூடிவிட்டது.

"அங்கிள், இது ராக்கெட்டா?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"ராக்கெட்டுக்கு எஞ்சின் இருக்கும்டா. இதுக்கு அதுவும் இல்ல" என்றான் வரதன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் அந்த வெற்றுக் கூட்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

டாக்டர், மில்காரர், நான்

என்னிடமும் ஒரு பழைய கார் இருந்தது. சின்ன இங்கிலீஷ் கார். வரதனின் சித்தப்பா பந்தயக் காரில் முதலில் பொருத்தியிருந்த அதே ஜாதி எஞ்சின்.

முன்பு அது செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் இருந்தது. சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு அதில்தான் போவாராம். அவரிடமிருந்து செய்யூரில் வேர்க்கடலை மில் வைத்திருந்த ஒருவருக்குப் போயிற்று. அவர் அதைச் சாலையில் ஓட்டியது குறைவு. மின்சாரம் போகும் நாட்களில் காரின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தில் பெல்ட்டை மாட்டி, அதை வைத்துக் கடலை உடைக்கும் இயந்திரத்தை ஓட்டியிருக்கிறார். கார் நின்ற இடத்திலேயே நின்று நாள் முழுக்க ஓடும். ரேடியேட்டரில் ஒரு பெண் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பாளாம்.

அந்த உழைப்பில் எஞ்சினுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மூன்றாவது கியரில் வேகம் ஏறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் போடும், யாரோ நாக்கைத் தட்டுவதுபோல. இன்னும் கொஞ்சம் வேகம் ஏறினால் அந்தச் சத்தம் நின்றுவிடும். யாராலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. நானும் விட்டுவிட்டேன். பிறகு அது இல்லாமல் அந்தக் காரை எனக்கு நினைத்துப் பார்க்க முடியாமல் போயிற்று.

நான் அதை வாங்கியபோது, பெயர் மாற்றத்துக்காக எஞ்சின் எண்ணைப் படி எடுக்க வேண்டியிருந்தது. எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். அதைச் செய்து கொடுத்தவர் செங்கல்பட்டு ராட்டினங்கிணறு அருகே பட்டறை வைத்திருந்த அப்துல் கனி. எல்லாரும் கனி பாய் என்பார்கள்.

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"சார், உன் எஞ்சின்ல ஒரு நாலு தண்ணி போட்டுகினு நிக்குது, பாரு" என்றார்.

அப்படித்தான் இருந்தது. எல்லா எண்களும் நிமிர்ந்து நிற்க, அது மட்டும் சுவரைத் தேடுகிறவன்போலச் சாய்ந்திருந்தது. எண் குத்திய ஆள் எந்த நாட்டில் எந்த நினைப்பில் இருந்தானோ.

கனி பாய் யாரையும் 'சார்' என்று கூப்பிட்டு, அடுத்த சொல்லிலேயே 'நீ' என்பார். அது அந்த ஊர்ப் பேச்சு, மரியாதைக் குறைவு இல்லை. பட்டறையில் ஸ்பேனர்களுக்கு நடுவில் வாரப் பத்திரிகைகள் கிடக்கும். கறை படிந்த விரலால் பக்கம் புரட்டி, துணுக்குகளை உரக்கப் படித்துவிட்டு, "இதுக்கு சிரிக்கணுமா சார்?" என்று கேட்பார். எங்கள் குடியிருப்பின் பாதி வண்டிகள் அவரிடம்தான் போகும்.

வரதன் என் எஞ்சினைக் கேட்டான். ஒருமுறை அல்ல, பலமுறை.

"உன் கார் வருஷத்துல பாதி நாள் பாய் பட்டறையிலதானேய்யா நிக்குது? எஞ்சினை எனக்குக் குடு. என்ன விலை வேணுமோ சொல்லு."

"தர்றதா இல்லய்யா" என்றேன்.

எனக்கு அந்த எஞ்சின் அவ்வளவு தேவைப்படவில்லை. ஓடாத காராக இருந்தும் குழந்தைகள் அவன் வீட்டு வாசலில்தான் நின்றார்கள். அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். அவ்வளவுதான்.

பலகை காலி

தொண்ணூறுகளின் தொடக்கம். என் எஞ்சினைக் கீழே இறக்கி, பிரித்துச் சரிசெய்து, மறுபடி பூட்டி, ஒரு பலகையின் மேல் வைத்திருந்தார் கனி பாய். காரில் ஏற்றுவதுதான் பாக்கி. நான் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பலகை காலி.

"எஞ்சின் எங்கே பாய்?"

"இன்னா சார் கேக்கற? வரதன் சார் வந்து எடுத்துகினு போனாரே. நீதான் அனுப்பினன்னாரு."

"நான் யாரையும் அனுப்பலையே."

"ஜீப்புல வந்தாரு சார். நானும் டீக்கடை ஆளுமாத் தூக்கி வெச்சோம். எப்பவும் உன் கூடவே வர்ற மனுஷன். அவராண்ட நான் சீட்டா கேப்பேன்?"

நேரே வரதன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையில் ரசம் சாதம்.

"நானா? இந்த மாசம் செங்கல்பட்டுப் பக்கமே போகலையேய்யா. அவன் எவனுக்காவது தள்ளிவிட்டிருப்பான். நாம ரெண்டு பேரும் சேர்ந்து போறதைப் பார்த்திருக்கான், என் பேரைச் சொல்றான்."

நான் நம்பினேன். டீக்கடை ஆளைப் போய் விசாரிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பின்னால், பஜாரில் அந்த ஆள் தானாகவே, "ஜீப்புல யாரோ வந்தாங்க, மொகம் பாக்கல" என்றபோது, அதையும் பாய்க்கு எதிராகவே எடுத்துக்கொண்டேன்.

ஏன் நம்பினேன்? வரதன் என்னைப்போலப் படித்தவன், என் வீட்டில் காபி குடிப்பவன். பாய், பாய். இதைவிட நாகரிகமாக எழுத முடியுமா என்று நெடுநேரம் யோசித்தேன். முடியவில்லை.

சூடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரதனையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். குரல் உயர்ந்ததும் டீக்கடையிலிருந்தும் டயர் கடையிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். ஆட்டோக்காரர்கள் வண்டியைவிட்டு இறங்கினார்கள்.

"காலங்காத்தால பேஜாரு இன்னாத்துக்கு? ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிட்டா முடிஞ்சுது" என்றார் டயர் கடைக்காரர்.

"அதான் சரி" என்றேன் நான். இரும்பின் நுண்கட்டமைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதிய நான்.

பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு கட்டிச் சூடம் வாங்கினேன். என் கையால் வாங்கினேன். டீக்கடை வாசல் கல்லின் மேல் வைத்துக் கொளுத்தினார்கள். வரதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான். சுடரின் மேல் உள்ளங்கையை அறைந்து அணைத்தான்.

"நான் எடுக்கல" என்றான். கையை உதறினான். உள்ளங்கையில் கரி.

எல்லாரும் கனி பாயைப் பார்த்தார்கள்.

"உங்களுக்குச் சூடம் வேண்டாம். பள்ளிவாசலுக்குப் போவோம். குர்ஆன் மேல கை வெச்சுச் சொல்லுங்க" என்றேன்.

அவர் பழைய துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"மாட்டேன் சார். ஒரு இரும்புக்காக அதும்மேல கை வெக்க மாட்டேன். நான் சொன்னது சொன்னதுதான்."

"ஏன், பயமா பாய்?"

"பயம்தான் சார்" என்றார். "உனக்கு இல்லியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "அப்ப இன்னா அண்ணாத்த, சரக்கு கைமாறிடுச்சா?" என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். சத்தியத்துக்கு அஞ்சாதவன் யோக்கியன், அஞ்சியவர் திருடர் என்று அந்த இடத்தில் முடிவாகிவிட்டது.

எனக்கு அது போதவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, "இனிமே எங்க டவுன்ஷிப்லேர்ந்து ஒரு வண்டி இங்கே வராது" என்றேன். போலீசுக்குப் போகாததைப் பெருந்தன்மை என்று வேறு சொல்லிக்கொண்டேன்.

சொன்னதைச் செய்தேன். ஆபீஸ் பஸ்ஸில், காய்கறிக் கடையில், ரிக்ரியேஷன் கிளப்பில் எல்லாரிடமும் சொன்னேன். மற்ற எந்த விஷயத்திலும் நான் அவ்வளவு முனைப்பாக இருந்ததில்லை.

கல்கத்தா எஞ்சின்

சில மாதங்கள் கழித்து வரதனின் பந்தயக் கார் உறுமியது.

"கல்கத்தாவுல ஒரு பழைய கார்க்காரர் கிட்ட வாங்கினேன்யா. ரயில்ல வந்துச்சு" என்றான். எண் ஏன் ராவப்பட்டிருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, "வரும்போதே அப்படித்தான்" என்றான்.

அதிகாலைகளில் கடற்கரைச் சாலையில் அதை ஓட்டுவான். நான் ஸ்கூட்டரில் பின்னால் போவேன். நானும் ஒருமுறை ஓட்டினேன். அதைப் பற்றி முன்பு இங்கே எழுதியபோது கடலின் நிறத்தையெல்லாம் வர்ணித்தேன். இன்று அதை இந்த இடத்தில் எழுதாமல் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன்.

கனி பாயின் பட்டறை உடனே மூடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வண்டிகள் குறைந்தன. ஒருநாள் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போனபோது, இறங்குவதற்கு முன் அந்தப் பக்கம் பார்த்தேன். கதவில் பூட்டு. பெயர்ப்பலகையில் வேறு பெயர். பிறகு அவர் எங்கள் பக்கத்திலேயே, புதுப்பட்டினத்தில், மீனவர்களின் படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கிறார் என்று தெரிந்தது. மீன் மார்க்கெட் ஓரத்தில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் மார்க்கெட்டுக்குள் பின்வழியாகப் போகக் கற்றுக்கொண்டேன்.

வரதன் ஓய்வுபெற்று, மகாபலிபுரம் அருகே வீடு கட்டி, அங்கேயே காலமானான். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவனுடைய நேர்மையைப் பற்றிப் பேசினேன். வாய் தடுமாறவே இல்லை.

அவன் மகள் மாலினிக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. அப்பாவின் காரை அவள் விற்கவில்லை. பழைய கார்களின் கண்காட்சி ஒன்றில் வைக்க ஆசைப்பட்டாள். எஞ்சின் எண் தெரிந்தால், அது எந்த ஆண்டு எங்கே செய்யப்பட்டது, யார் யாரிடம் இருந்தது என்று தேடிவிடலாம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "உங்களாலதான் முடியும் அங்கிள்" என்று என்னைக் கூப்பிட்டாள். அந்த வரலாறு முழுவதும் என்னிடமே இருந்தது. டாக்டர், மில்காரர், நான், கனி பாய், வரதன். அந்த ஐந்து பேரைச் சொல்லியிருந்தால் போதும்.

கண்காட்சியில் காருக்கு முன்னால் வைத்த அட்டையில், 'எஞ்சினின் பூர்வீகம் தெரியவில்லை' என்று அவள் எழுதினாள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

மீன் மார்க்கெட்டில்

பந்தயக் காரைப் பற்றிய என் கட்டுரை வெளிவந்த வாரம், பழக்கப்படி மார்க்கெட்டின் பின்வழியாகப் போனேன். அன்று கனி பாயின் தார்ப்பாய் அந்தப் பின்பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது.

"சார்! ஓடாத சார். ஈரத் தரை, வுழுந்துடப்போற."

நின்றேன். தாடி முழுக்க நரைத்திருந்தது. தடித்த கண்ணாடி. முன்னால் ஒரு படகு எஞ்சின் குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. முட்டிக்குப் பக்கத்தில் இந்தப் பத்திரிகை, என் படம் இருந்த பக்கம் மேலே தெரியும்படி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"படிச்சேன். சூப்பரா எழுதிகீற. கார் வந்துச்சு, ரோடு வந்துச்சு, கடல் வந்துச்சு, உன் ஃப்ரெண்டு வந்தாரு. எஞ்சின் மட்டும் இன்னா சார், வானத்துலேர்ந்து வுழுந்துச்சா?"

என் பையில் ஏற்கெனவே வாங்கிய மீன் இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே, ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்து சொன்னேன். ஷெட், அமிலம், எண்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த நாலு?"

"அப்படியேதான் சாய்ஞ்சிருக்கு பாய்."

"இத்தினி வருஷமா அதுக்குத் தெளியவே இல்லியா!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நிற்க நேரமாயிற்று.

நான் கைகளைக் கூப்பினேன். "மன்னிச்சுடுங்க பாய்."

"கைய எறக்கு சார், பாக்கறாங்க." குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "என்னாண்ட இன்னாத்துக்குச் சொல்ற? நான் எடுக்கலன்றது எனக்கு முன்னமே தெரியுமே. தெரியாதவங்க எத்தினி பேர் கீறாங்க. அவங்களாண்ட போய் சொல்லு. அன்னிக்கு நடு பஜார்ல நின்னு கேட்ட. இன்னிக்குக் கூடை மேல குந்திகினு காதாண்ட சொல்ற."

மீன் பையை மறு கைக்கு மாற்றினேன்.

"என் பொண்டாட்டி மௌத்தாவற வரைக்கும் கேட்டுகினே இருந்தா. ஒரு வார்த்தை சத்தியம் பண்ணியிருந்தா இன்னா கொறைஞ்சிருக்கும், கடை இருந்திருக்குமேன்னு. அவளுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் ஓய்ஞ்சுபோச்சு சார்." ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். "போ. மீனு கெட்டுப்போவப்போவுது."

மறுநாள் செங்கல்பட்டுக்குப் போனேன். பஜாரில் நின்று சொல்லிவிடுவது என்றே போனேன். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. டயர் கடை இருந்த இடத்தில் பேக்கரி. பட்டறையே இடிக்கப்பட்டு மாடி எழும்பியிருந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவரைக் கேட்டேன்.

"கனி பாயா? எந்தக் கனி பாய் பெருசு? எங்க போவணும், சொல்லு, வுடறேன்."

அவமானப்படுத்தியபோது கூட்டம் இருந்தது. திருத்தப் போனபோது யாரும் இல்லை. அந்தப் பெட்டிக்கடை மட்டும் இருந்தது. சூடம் வாங்கிய கடை. கயிற்றில் கிளிப் போட்டுப் பத்திரிகைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் இந்தப் பத்திரிகையும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றேன்.

மாலினி சொன்னது

இதை இங்கே எழுதுவதற்கு முன் மாலினியிடம் சொல்ல வேண்டும். போனேன். முழுவதும் சொன்னேன்.

"அப்ப அன்னிக்கு ஷெட்ல நம்பர் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதும்மா."

"ஏன் இல்லேன்னீங்க?"

"உங்க அப்பா பேர் கெட்டுப்போகுமேன்னு..."

"அப்பா பேரா அங்கிள், உங்க பேரா?"

அவள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். திரும்பியபோது முகம் வறண்டிருந்தது.

"எழுதுங்க. அப்பா எடுத்தது எடுத்ததுதான், அதை நான் மறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அந்தக் காரை ஓட்டினதை ஒழுங்கா எழுதுங்க. போன தடவை மாதிரி கடல் அது இதுன்னு எழுதாதீங்க. அந்தப் போட்டோ எடுத்தது நான்தான். ஓட்டிட்டு இறங்கும்போது உங்க முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அது ஏன்னு இவ்வளவு நாளா எனக்குப் புரியல. இப்பப் புரியுது."

ஓட்டினது

எழுதுகிறேன்.

எஞ்சின் ஏறிய சில நாட்களிலேயே ஒரு காலை, வரதன் என்னைக் காருக்குள் உட்காரவைத்தான். மாலினி அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். கேமராவுடன் எதிரே நின்று, கிளம்பும் முன் ஒரு படம் எடுத்தாள். இங்கே வெளிவந்தது அந்தப் படம்தான். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சாலை காலி. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாற்றினேன். வேகம் ஏறியது.

டிக்.

காலை எடுத்தேன். வேகம் குறைந்தது. மறுபடி அழுத்தினேன். டிக். இன்னும் கொஞ்சம் அழுத்த, சத்தம் நின்றுவிட்டது. செய்யூர் மில்லில் கடலை உடைத்துப் பழகிய அந்த நாக்குச் சத்தம். உலகத்தில் வேறு எந்த எஞ்சினும் அதைப் போடாது.

சாலை ஓரத்தில் நிறுத்திச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு திருப்பினேன்.

வரதன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். காரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்தது என்பது எனக்கும் தெரிந்தது.

"எப்படிய்யா இருக்கு?" என்றான்.

சொல்லியிருந்தால் ஒரு நண்பனை இழந்திருப்பேன். பஜாரில் சூடம் வாங்கிய முட்டாள் என்று என் பெயரும் அடிபட்டிருக்கும்.

"பிரமாதம்யா" என்றேன்.

அவன் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்து, என் தோளில் கை போட்டான். அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அதன்பின் அவன் இறக்கும்வரை நாங்கள் இருவரும் எஞ்சின் என்ற சொல்லைச் சேர்ந்து உச்சரித்ததே இல்லை.

அன்றைக்குக் கனி பாயின் பட்டறை திறந்துதான் இருந்தது. ஒரு பஸ் ஏறிப் போயிருந்தால் போதும். டீக்கடை இருந்தது, டயர் கடை இருந்தது, கேட்ட காதுகள் எல்லாம் இருந்தன. அவர் மனைவியும் இருந்தார். நான் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டேன்.

ஷெட்டில் அமிலம் எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. ஊகம்தானே, நிச்சயமா தெரியுமா என்று என்னிடமே நான் சொல்லிக்கொண்டு வந்ததை அது அரித்துவிட்டது. மிச்சம் அந்த நாலு.

இந்த இதழ் செங்கல்பட்டு பஜாரில் அந்தப் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கும். புதுப்பட்டினத்தில் ஒரு தார்ப்பாயின் கீழும் படிக்கப்படும். அதனால் இங்கே சொல்கிறேன்.

ராட்டினங்கிணறு அருகே பட்டறை வைத்திருந்த அப்துல் கனி என் எஞ்சினைத் திருடவில்லை, விற்கவில்லை. என் நண்பன் என்று நம்பிக் கொடுத்தார். எடுத்தது வரதன். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான்.

இதற்காக யாராவது என்னைச் சூடம் அணைக்கச் சொன்னால் மாட்டேன். பயம்தான். சொன்னது சொன்னதுதான்.